பூவைப் பார்த்ததால் வேலை போன தலைமையாசிரியர்: ஸ்பிரெங்கெல் வாழ்க்கையும் நம் தர்பூசணி வயலும்

பிரம்மதேசம் பக்கம் தர்பூசணி போட்டிருந்த ஒருவர் போன பட்டத்தில் என்னை வயலுக்கு வரச் சொன்னார். கொடி நன்றாகப் படர்ந்திருந்தது. சொட்டுநீர், மல்ச்சிங் ஷீட், உரம் எதிலும் குறை இல்லை. ஆனால் பிஞ்சுகளில் பாதி மஞ்சளாகி வெம்பி விழுந்து கிடந்தன. நின்ற காய்களிலும் பல ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சூம்பிப் போயிருந்தன. இப்படிக் கோணலான காயை வியாபாரி எடுக்க மாட்டார், எடுத்தாலும் பாதி விலைதான். இதற்கு என்ன மருந்து அடிப்பது என்பதுதான் அவருடைய கேள்வி.

மறுநாள் காலை ஏழரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை அவருடைய வரப்பில் நின்றேன். மஞ்சள் பூக்கள் வரிசையாகத் திறந்திருந்தன. அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் பார்த்த தேனீக்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். முந்தைய வாரம் சாறு உறிஞ்சும் பூச்சிக்காக அவர் மருந்து அடித்திருக்கிறார். பக்கத்து வயல்காரரும் அடித்திருக்கிறார். இருவரும் அடித்தது காலை எட்டு மணிக்கு, பூ திறந்திருக்கும் நேரத்தில்.

போரான் சத்துக் குறைந்தாலும் காய் உருக்கெடும். மண் பரிசோதனை செய்யாமல் அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அந்த வயலில் முதல் குறை மருந்துக் கடையில் வாங்க முடியாத ஒன்று என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவரிடம் அதை விளக்கும்போது 200 ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு ஜெர்மன் பள்ளித் தலைமையாசிரியரின் கதையைச் சொன்னேன். வயலில் நின்றபடி பாதிதான் சொல்ல முடிந்தது. முழுக் கதையையும் உங்களுக்கு இங்கே சொல்கிறேன்.

அவர் பெயர் கிறிஸ்டியான் கொன்ராட் ஸ்பிரெங்கெல். 1750-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று, இன்றைய ஜெர்மனியில் உள்ள பிராண்டன்பர்க் என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது பிரஷ்யா நாடு. அப்பா தேவாலயப் பாதிரியார். அந்தப் பெரிய குடும்பத்தில் இவர்தான் கடைசிப் பிள்ளை. ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்தார். பிறகு பெர்லினில் ஆசிரியரானார். 1780-இல், அவருக்கு 30 வயது ஆகும்போது, பெர்லினை ஒட்டிய ஸ்பாண்டாவ் நகரின் பெரிய லூத்தரன் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செடிகொடிகளைப் பற்றி அதுவரை அவர் எதுவும் படித்ததில்லை. லத்தீன், கிரேக்க மொழிகள்தான் அவருடைய பாடம்.

அந்த ஊரில் எர்ன்ஸ்ட் லூட்விக் ஹைம் என்றொரு டாக்டர் இருந்தார். செடிகளின் மேல் பிரியம் உள்ள மனிதர். பின்னாளில் உலகம் சுற்றிப் புகழ்பெற்ற அலெக்சாண்டர் ஹம்போல்ட் சிறுவனாக இருந்தபோது அவருக்குச் செடிகளை அறிமுகம் செய்துவைத்தவரும் இந்த டாக்டர்தான். ஸ்பிரெங்கெல் கண் உபாதையும் மனச்சோர்வுமாக அவரிடம் போனார். டாக்டர், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய் செடிகளைப் பார்க்கும்படி யோசனை சொல்லி அனுப்பினார். வைத்தியத்துக்காகத் தொடங்கிய பழக்கம் அவரை முழுதாகப் பிடித்துக்கொண்டது.

1787-ஆம் ஆண்டு கோடைக்காலம். காட்டு ஜெரேனியம் என்ற பூவை ஸ்பிரெங்கெல் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இதழ்களின் அடிப்பகுதியில் மெல்லிய முடிகள் இருந்தன. சும்மா இருக்கும் முடி என்று நாமாக இருந்தால் தள்ளிவிட்டிருப்போம். அவருக்கு அப்படித் தள்ள மனம் வரவில்லை. முடிகளுக்குக் கீழே பார்த்தார். அங்கே சின்னஞ்சிறு துளிகளாகத் தேன் இருந்தது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கித் தேனைக் கெடுக்காமல் முடிகள் தடுக்கின்றன, ஆனால் பூச்சியின் நாக்கு உள்ளே போக வழி இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. அப்படியென்றால் இந்தத் தேன் யாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது?

மறு வருடம் இன்னொரு பூ. மயோசோடிஸ் என்ற சிறு நீலப் பூ. அதன் நடுவே தேன் குழலின் வாயைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் இருக்கும். இந்த வளையம் பூச்சிக்கு வழிகாட்டும் பலகை என்று கண்டார். வேறு பூக்களைப் பார்த்தார். பல பூக்களில் கோடு, புள்ளி, நிறமாற்றம் என்று ஏதோ ஓர் அடையாளம், சரியாகத் தேன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. இரவில் பூக்கும் பூக்களில் இந்த அடையாளங்கள் இல்லை. அவை வெளிர் நிறமாகவும் பெரியதாகவும் இருந்தன. இருட்டில் கோடு தெரியாது அல்லவா?

இதை நீங்கள் உங்கள் கொல்லையிலேயே சரிபார்க்கலாம். எள் பூ ஒன்றைப் பிரித்துக் கீழ் உதட்டின் உட்புறத்தைப் பாருங்கள், மஞ்சளோ ஊதாவோ ஒரு சாயல் உள்நோக்கிப் போவது தெரியும். பிறகு சாயங்காலம் பூக்கும் சுரைப் பூவைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று கோடு எதுவும் இல்லாமல் இருக்கும். எள்ளுக்குப் பகலில் தேனீ வருகிறது, சுரைக்கு இரவில் அந்துப்பூச்சி வருகிறது.

ஸ்பிரெங்கெலின் அடுத்த கண்டுபிடிப்பு இன்னும் பெரியது. ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருந்தாலும், பல செடிகளில் இரண்டும் ஒரே நேரத்தில் தயாராவதில்லை என்பதை அவர் கவனித்தார். மகரந்தம் உதிரும்போது சூல்முடி மூடியிருக்கிறது. சூல்முடி விரியும்போது மகரந்தம் தீர்ந்துவிடுகிறது. பக்கத்துப் பூவிலிருந்து யாராவது மகரந்தத்தைச் சுமந்து வந்தால்தான் விதை பிடிக்கும். அந்தச் சுமைகூலி வேலையைப் பூச்சி செய்கிறது, கூலியாகத் தேனை எடுத்துக்கொள்கிறது. நம் நெட்டைத் தென்னையிலும் இதே ஏற்பாடுதான். ஒரு பாளையில் ஆண் பூக்கள் முதலில் மலர்ந்து உதிரும், அதன் பிறகே பெண் பூக்கள் தயாராகும். தர்பூசணி, பூசணி, வெள்ளரியில் இன்னும் ஒரு படி மேலே போய், ஆண் பூ தனி, பெண் பூ தனி என்றே ஆகிவிட்டது.

இதற்கு முன் யாருமே இதைச் சொல்லவில்லை என்று சொன்னால் தவறாகிவிடும். ஜெர்மனியிலேயே கோல்ராய்ட்டர் என்ற விஞ்ஞானி முப்பது வருடம் முன்பே பூச்சிகள் மகரந்தம் சுமப்பதை எழுதியிருந்தார். ஆனால் பூவின் நிறம், மணம், முடி, கோடு, தேன் எல்லாமே பூச்சியை வரவழைக்கும் ஏற்பாடு என்று நூற்றுக்கணக்கான செடிகளில் ஒன்றொன்றாகப் பார்த்துக் காட்டியவர் ஸ்பிரெங்கெல்தான். அதற்காக வயல்வெளியிலும் காட்டோரத்திலும் பூவின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். பூவைப் பறித்து வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் பாதிதான் தெரியும், எந்தப் பூச்சி எந்த நேரத்தில் வருகிறது என்பதைச் செடி நிற்கும் இடத்தில்தான் பார்க்க முடியும் என்பது அவர் முறை. விரிவாக்கப் பணிக்கு வரும் இளைஞர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வது வழக்கம்.

1793-இல் புத்தகம் வந்தது. பூக்களின் அமைப்பிலும் கருவுறுதலிலும் கண்டறியப்பட்ட இயற்கையின் இரகசியம் என்பது அதன் தலைப்பு. 461 செடிகளின் விவரம், 25 பெரிய படப் பக்கங்கள், அவற்றில் அவர் கையால் வரைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்.

புத்தகம் வந்த மறு வருடமே, 1794-இல், அவருடைய வேலை போயிற்று.

இந்த இடத்தில் ஒரு பக்கமாக நின்று பேச நான் விரும்பவில்லை. ஸ்பிரெங்கெல் மீது பள்ளியில் புகார்கள் இருந்தன. பிள்ளைகளிடம் மிகவும் கடுமையாக நடந்துகொள்கிறார் என்று பெற்றோர் குறைப்பட்டார்கள். மேலதிகாரியோடு ஓயாத சண்டை. பூக்காலம் வந்தால் பள்ளி வேலையில் மனம் இருப்பதில்லை. அவர் காலத்து மனிதர்களின் கண்ணில், சம்பளம் வாங்கிக்கொண்டு பூவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர் ஒரு பித்துக்குளிதான். சிறிய ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் பெர்லினுக்குப் போய் மாடி அறை ஒன்றில் தனியாகக் குடியிருந்தார். பாடம் சொல்லிக்கொடுத்தும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்வமுள்ளவர்களைச் செடி பார்க்க அழைத்துப் போய்ச் சிறு கட்டணம் வாங்கியும் காலத்தை ஓட்டினார்.

புத்தகத்தைப் படித்தவர்களும் அதை ஏற்கவில்லை. கதே என்ற பெரும் கவிஞர், தாவரங்களைப் பற்றியும் எழுதியவர், ஸ்பிரெங்கெலின் விளக்கத்தை ஒதுக்கித் தள்ளினார். மனிதன் திட்டம் போடுவதுபோல இயற்கையும் திட்டம் போடுகிறது என்று இவர் கற்பனை செய்கிறார் என்பது அவர் எண்ணம். ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருக்கும்போது பூச்சியின் தயவு எதற்கு என்பது அன்றைய பொதுக் கருத்து. மாற்று மகரந்தம் வருவதால் செடிக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு ஸ்பிரெங்கெலிடமும் சரியான பதில் இல்லை. எப்படி நடக்கிறது என்று கண்டார், ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை. புத்தகத்தின் இரண்டாம் பகுதியை வெளியிடும் எண்ணத்தையே விட்டுவிட்டு, மெல்ல மெல்ல லத்தீன் கவிஞர்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

ஆனால் அவர் வாழ்க்கையில் விவசாயிகளுக்கு மிகவும் வேண்டிய பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. 1811-இல், 60 வயதைக் கடந்த பிறகு, ஒரு சிறு நூல் வெளியிட்டார். தேனீக்களின் பயனும் தேனீ வளர்ப்பின் அவசியமும் என்பது அதன் பொருள். முதல் நூல் படித்தவர்களுக்கானது. இது நாட்டை ஆள்பவர்களுக்கும் நிலம் வைத்திருப்பவர்களுக்குமானது.

அதில் அவர் சொன்ன விஷயம் இன்றைக்கும் நம் ஊரில் பலருக்குப் புதிதாகவே இருக்கும். தேனீயின் லாபத்தைத் தேனிலும் மெழுகிலும் கணக்குப் பார்ப்பது தவறு, அது சில்லறை வரவு. பெரிய வரவு தோட்டத்திலும் வயலிலும் பிடிக்கும் காயும் விதையும்தான். பூ எவ்வளவு பூத்தாலும் தேனீ போதாவிட்டால் விளைச்சல் குறையும். ஆகவே தேனீ வளர்ப்பு தனி ஒருவரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடிய காரியம் அல்ல, ஒரு நாடு எப்போதும் தயாராகப் படை வைத்திருப்பதுபோலத் தேனீக்களையும் வைத்திருக்க வேண்டும் என்றார்.

படை என்ற பேச்சு அந்தக் காலத்து மனிதர்களுக்கு நன்றாகவே உறைத்திருக்க வேண்டும். ஐந்து வருடம் முன்பு, 1806-இல்தான், நெப்போலியன் பிரஷ்யாவைத் தோற்கடித்து பெர்லினுக்குள் நுழைந்திருந்தார். பிரெஞ்சுப் படை இரண்டு வருடம் அங்கே இருந்தது. ஸ்பிரெங்கெலும் அந்த நகரத்தில்தான் இருந்தார். அப்படிப்பட்ட நேரத்திலும் நாட்டுக்குத் தேனீப் படை வேண்டும் என்று எழுதிய மனிதரை யாரும் பொருட்படுத்தவில்லை. இந்த நூலும் முதல் நூலைப் போலவே தூசி படிந்தது.

1816 ஏப்ரல் 7 அன்று பெர்லினில் காலமானார். அவரைப் புதைத்த இடம் எது என்று இன்று யாருக்கும் தெரியாது.

அவர் இறந்து 25 வருடம் கழித்து, 1841-இல், இங்கிலாந்தில் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியல் அறிஞர் ஸ்பிரெங்கெலின் பழைய புத்தகத்தைப் படிக்கும்படி சார்லஸ் டார்வினிடம் சொன்னார். டார்வின் படித்தார். பிறகு தானே சோதித்துப் பார்த்தார். குளோவர் என்ற தீவனப் பயிரில், தேனீ வரக்கூடிய 20 பூங்கொத்துகளை அப்படியே விட்டார். இன்னும் 20 கொத்துகளைத் தேனீ புகாமல் மூடி வைத்தார். திறந்திருந்த 20 கொத்திலிருந்து 2290 விதை கிடைத்தது. மூடியிருந்த 20 கொத்தில் ஒரு விதைகூட இல்லை. இந்தக் கணக்கை, 1859-இல் முதலில் வெளிவந்த தன் புகழ்பெற்ற புத்தகத்தின் பிந்தைய பதிப்பில் எழுதினார். ஸ்பிரெங்கெலுக்குப் பிடிபடாத ஏன் என்ற கேள்விக்கும், பிற செடியின் மகரந்தத்தால் பிறந்த கன்றுகள் வீரியமாக வளர்வதை 1876-இல் காட்டி டார்வினே பதில் சொன்னார். ஸ்பிரெங்கெலின் பெயர் அதன் பிறகுதான் பாடப் புத்தகங்களுக்குள் வந்தது.

இப்போது எண்களோடு பேசலாம். உலகில் முக்கியமான 115 உணவுப் பயிர்களை எடுத்துக்கொண்டு 2007-இல் ஒரு கணக்கு வெளியானது. அவற்றில் 87 பயிர்களுக்குப் பூச்சி முதலிய உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கை ஏதோ ஓர் அளவில் உதவுகிறது. எடைக் கணக்கில் அந்தப் பயிர்கள் உலக விளைச்சலில் 35 சதவீதம். நெல், கம்பு, சோளத்துக்குத் தேனீ தேவையில்லை. நம் மணற்பாங்கான நிலத்து நிலக்கடலையும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். தேனீ போனால் நாளைக்கே சோறு இருக்காது என்று மேடையில் பேசுவதை நம்பாதீர்கள், சோறு இருக்கும். தொட்டுக்கொள்ளும் காய், பழம், எண்ணெய் இவைதான் குறையும், விலையும் ஏறும். தர்பூசணி, பூசணி, வெள்ளரி, எள், சூரியகாந்தி, முருங்கை, முந்திரி இவற்றை நம்பிப் பிழைப்பவர் உங்களில் எத்தனை பேர் என்று பாருங்கள்.

ஸ்பிரெங்கெலின் சில்லறை வரவு, பெரிய வரவு கணக்கைத் தமிழ்நாடு ஒரு முறை கசப்பாக அனுபவித்திருக்கிறது. 1910-களில் நியூட்டன் என்ற பாதிரியார் இந்தியத் தேனீயின் அளவுக்கு ஏற்ற பெட்டி ஒன்றை வடிவமைத்துத் தென்னிந்தியாவில் கிராமத்து மக்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்றும் நீங்கள் வாங்கும் சிறிய பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புற மையத்தின் மூலம் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். கன்னியாகுமரி மாவட்டம் ரப்பர் தோட்டத் தேனுக்குப் பேர்போனதாக வளர்ந்தது.

1991, 92-இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் வந்தது. வளர்ந்த தேனீயை விட்டுவிட்டுப் புழுவைத் தாக்கும் நோய் இது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல், தண்ணீர் நிறைந்த பைபோல ஊதி, தலை மேல்நோக்கியபடி அறைக்குள்ளேயே செத்துக் கிடக்கும். புதுத் தேனீ பிறக்காது, குடும்பம் சுருங்கி அழியும். பெட்டிகளில் பெரும் பகுதி காலியானது. பல குடும்பங்கள் அந்தத் தொழிலையே விட்டன. அந்தக் காலத்தைப் பற்றி மூத்த தேனீ வளர்ப்பாளர்களிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். எல்லோரும் சொல்வது இத்தனை பெட்டி போயிற்று, இத்தனை கிலோ தேன் போயிற்று என்றுதான். சுற்றியிருந்த தோட்டத்தில் எவ்வளவு காய் குறைந்தது என்று சொன்னவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. 1811-இல் அந்தக் கிழவர் பிடித்துக்கொண்டு போராடியதும் இந்தக் கணக்குப் பிழையோடுதான்.

அந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஆகவே பெட்டி வைத்திருப்பவர்களும், வைக்க நினைப்பவர்களும் சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை அடையை எடுத்துப் புழு அறையைப் பாருங்கள். நல்ல புழு முத்துப்போல வெள்ளையாக, வளைந்து கிடக்கும். பைபோல நீண்டு, நிறம் மங்கி, தலை தூக்கிய புழு இருந்தால் அந்தப் பெட்டியின் சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாற்றாதீர்கள். கருவிகளையும் கையையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள். நோயைத் தாங்கி நின்ற குடும்பத்திலிருந்து புது ராணியை உருவாக்குவதுதான் நீண்ட காலத்துக்கு உதவுகிறது. ஆள்பலம் குறைந்த குடும்பத்தில்தான் மெழுகு அந்துப்பூச்சியும் நுழையும். பஞ்ச காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுத்து ஆள்பலத்தைக் காப்பாற்றுங்கள்.

நம் கடற்கரைக்கு என்று சில தனிச் சங்கடங்கள் உண்டு. மரக்காணம் உப்பளப் பக்கமிருந்து வரும் காற்று பலமானது, அதில் உப்பும் இருக்கிறது. பெட்டியைத் திறந்த வெளியில் வைக்காமல் சவுக்கு வேலிக்குப் பின்னாலோ, தென்னை நிழலிலோ, வாசல் கிழக்குப் பார்த்தபடி வையுங்கள். கடல் காற்று நேராக வாசலில் அடிக்கும் இடமானால் வாசலைச் சற்றுத் திருப்பிவிடுங்கள். உப்பங்கழித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் கிடைக்காத இடமாக இருந்தால், ஒரு மண் சட்டியில் நல்ல தண்ணீர் ஊற்றி, உட்கார்ந்து குடிக்கக் கூழாங்கல் போட்டு, பெட்டிக்கு அருகில் வையுங்கள். எறும்பு ஏறாமல் தாங்கியின் காலுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வேண்டும்.

தர்பூசணி இல்லாத மாதங்களில் தேனீ எதைத் தின்னும் என்பதையும் யோசிக்க வேண்டும். வரப்போரம் நிற்கும் புங்கன், வேம்பு, புளி, முருங்கை, பனை இவைதான் அதற்குச் சாப்பாடு. சீமைக் கருவேலத்தை நாம் திட்டாத நாள் இல்லை, நானும் திட்டுகிறவன்தான். ஆனால் அதன் பூவில் தேனீ மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை அழிக்கும்போது அந்த இடத்தில் புங்கனோ முருங்கையோ வைத்துவிட்டு அழியுங்கள்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். தர்பூசணிப் பெண் பூ ஒரே ஒரு நாள்தான் திறந்திருக்கும். காலையில் திறந்து மதியத்துக்கு மேல் மூடிவிடும், மறுநாள் திறக்காது. அதன் சூல்முடிக்கு மூன்று பிரிவு உண்டு. மூன்றிலும் போதிய மகரந்தம் பரவலாக விழுந்தால்தான் காய் எல்லாப் பக்கமும் சமமாகப் பருக்கும். விதை பிடித்த பக்கம் சதை வளரும், பிடிக்காத பக்கம் சூம்பும். இதற்குத் தேனீ ஒரு தடவை வந்து போனால் போதாது, ஒரு பூவுக்கு எட்டுத் தடவையாவது வர வேண்டும். அந்தக் காலை நேரத்தில் வயலில் மருந்து வாடை இருந்தால் அன்றைய பூக்கள் அத்தனையும் வீண். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் போன்றவை தேனீக்குக் கொடிய விஷம். பூ வந்த பிறகு இவற்றை அடிக்கவே வேண்டாம். பூச்சித் தொல்லையை பூக்கும் முன்பே மஞ்சள் ஒட்டுப்பொறி, வேப்பெண்ணெய் கரைசல் கொண்டு கட்டுப்படுத்தப் பாருங்கள். அடித்தே ஆக வேண்டிய நிலை வந்தால், தேனீக்குக் கேடு குறைந்த மருந்தை வேளாண் அலுவலரிடம் கேட்டு, பூ மூடிய பிறகு சாயங்காலத்தில் அடியுங்கள். முந்தின நாளே பக்கத்து வயல்காரருக்கும், பெட்டி வைத்திருப்பவருக்கும் சொல்லிவிடுங்கள். இந்தியத் தேனீ ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பறந்துபோய் மேயும். வரப்புக் கல் அதற்குத் தெரியாது.

ஏக்கருக்கு இரண்டு இந்தியத் தேனீப் பெட்டி போதும். பயிரில் பூ எடுக்கத் தொடங்கி, நூற்றுக்கு ஐந்து முதல் பத்துச் செடியில் பூ தெரியும்போது பெட்டியைக் கொண்டுவாருங்கள். அதற்கு முன்பே கொண்டுவந்தால் தேனீ வேறு பூவுக்குப் பழகிவிடும். பெட்டியை இரவில் வாசலை மூடித்தான் நகர்த்த வேண்டும். சொந்தமாக வளர்க்க முடியாதவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, பூக்கும் காலத்துக்கு மட்டும் ஒரு வளர்ப்பாளரிடம் வாடகைக்கு எடுக்கலாம். அந்த வாடகையைக் கொடுக்கும்போது பலருக்குக் கை வருவதில்லை. தேனையும் அவரே எடுத்துக்கொண்டு நம்மிடம் பணமும் வாங்குகிறாரே என்று கேட்கிறார்கள். அவர் எடுத்துப்போவது தேன். உங்களுக்கு நிற்பது காய்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். டார்வின் செய்ததை உங்கள் வயலிலேயே செய்து பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை. பழைய கொசுவலைத் துணியில் உள்ளங்கை அளவுக்குப் பத்துப் பை தைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் வயலுக்குப் போய், மறுநாள் திறக்கவிருக்கும் பெண் மொட்டுகளைத் தேடுங்கள். அடியில் சின்னப் பிஞ்சு ஒட்டியிருப்பதும், நுனியில் மஞ்சள் எட்டிப் பார்ப்பதும்தான் அடையாளம். பத்து மொட்டுக்குப் பை மாட்டி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். பக்கத்திலேயே இன்னும் பத்து மொட்டுக்குச் சிவப்புக் கயிறு மட்டும் கட்டி, திறந்தபடி விடுங்கள். மறுநாள் காலை ஏழரை மணிக்கு வீட்டுப் பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், சிவப்புக் கயிறு கட்டிய பூவில் எத்தனை முறை தேனீ உட்காருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அன்று சாயங்காலம் பைகளைக் கழற்றிவிடலாம். ஒரு வாரம் கழித்துப் போய் இரண்டு பத்தையும் பார்த்து, எத்தனை பிஞ்சு நின்றது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த முறை நான் பிரம்மதேசம் வரும்போது அந்தத் தாளை எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.